பழைய வீட்டோடு இரண்டு ரெலோங்: செபராங் பிறையில் சிறு பண்ணை தொடங்க முழுமையான வழிகாட்டி

பினாங்கின் பெருநிலப் பக்கம், சுங்கை பாக்காப்பைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் ஒரு மண்சாலையின் கடைசியில் எங்கள் வீடு இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் இரண்டு ரெலோங், அதாவது 1.4 ஏக்கர் போல, நிலம். பட்டர்வொர்த் அடுக்குமாடியிலிருந்து இங்கே குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று மாதம் ஒருவராவது வந்து அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்: "நாங்களும் இப்படி ஒன்று பார்க்கலாமா அண்ணே? எங்கிருந்து தொடங்குவது?"

அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். முதலில் காகிதம், அப்புறம் தண்ணீர், அப்புறம் வீடு. அதற்குப் பிறகு மண், மரம். கோழியும் ஆடும் கடைசியில். ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் இரண்டு மூன்று இடங்களில் வரிசை மாறிப் போனேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு மண் புதிதில்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, நாலு கோழி, ஒரு மாடு என்று வளர்ந்தவர்கள், அல்லது அப்படி வளர்ந்தவர்களின் பிள்ளைகள். இந்தப் பக்கத்தில் நம் ஆட்கள் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பிறகு பால்மரம் (ரப்பர்), அதன் பிறகு செம்பனை. மூன்று பயிருக்கும் உழைத்தோம், ஆனால் அந்த நிலம் நம் பேரில் இருந்ததில்லை. அதனால் நிலம் வாங்கப் போனால் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிகிறது, கெரானை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்துப் பார்க்கத் தெரிவதில்லை. காகிதத்துக்கு நான் அதிக இடம் கொடுப்பது அதனால்தான்.

படி 1: எவ்வளவு நிலம் வேண்டும்?

பினாங்கு, கெடா பக்கம் நிலத்தை ரெலோங் கணக்கில் பேசுவார்கள். ஒரு ஜெம்பா 8 அடிக்கு 8 அடி, அதாவது 64 சதுர அடி. 484 ஜெம்பா சேர்ந்தால் ஒரு ரெலோங். அது 30,976 சதுர அடி, ஏக்கர் கணக்கில் 0.71. விற்பவர் ஒரு இடத்தில் ஏக்கர் என்பார், இன்னொரு இடத்தில் ரெலோங் என்பார், விலையைச் சதுர அடிக்குச் சொல்வார். எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிப் பார்த்த பிறகே இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே பண்ணை வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு ரெலோங் போதும். எங்கள் இரண்டு ரெலோங்கில் புல் வெட்டவே மாதத்தில் இரண்டு முழு நாள் போகிறது. ஐந்து ரெலோங் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். ஆறு மாதம் கவனிக்காத நிலம் இங்கே லாலாங் புல் காடாகிவிடும்.

படி 2: காகிதம்

வீட்டைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் கெரானின் நகலைக் கேளுங்கள். விற்பவர் காட்டும் நகலோடு நிறுத்தாமல், நில அலுவலகத்தில் நீங்களே கட்டணம் கட்டி 'சாரியான் ரஸ்மி', அதாவது அதிகாரபூர்வப் பதிவுத் தேடல், எடுங்கள். முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) கெரானாக இருந்தால் அந்த மாவட்டத்தின் நில அலுவலகம், பதிவகக் கெரானாக இருந்தால் ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்தில் உள்ள மாநில நில அலுவலகம். நிலம் இன்று யார் பேரில் இருக்கிறது, வங்கியில் அடமானம் இருக்கிறதா, யாராவது கவியட் (கைமாற்றத் தடை) போட்டிருக்கிறார்களா என்று அந்தக் காகிதம் சொல்லும்.

அதில் இரண்டு வரிகளை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று 'ஷராட் ஞாத்தா', அதாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. விவசாயம் என்று இருக்கலாம், நெல் மட்டும் என்றும் இருக்கலாம். நெல் மட்டும் என்று எழுதிய நிலத்தில் டுரியான் வைப்பது நிபந்தனையை மீறுவது. மற்றொன்று 'செகாத்தான் கெபென்திஙான்', அதாவது கைமாற்றுவதற்கான கட்டுப்பாடு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்று அங்கே இருந்தால், அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஒப்பந்தத்தில் அந்தக் காலத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இனி நம் ஆட்கள் அதிகம் விழும் மூன்று குழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வீடு மட்டும் விற்பனை. பினாங்கில் பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகள் பல வேறொருவர் நிலத்தில் நிற்கின்றன. வீட்டுக்காரர் மாதாமாதம் தரை வாடகை கட்டிக்கொண்டு வந்திருப்பார். மின்சார பில் அவர் பேரில் இருக்கும், வீட்டு வரி ரசீதும் அவர் பேரில் இருக்கும், நிலம் மட்டும் இருக்காது. நான் முதலில் முன்பணம் கொடுத்தது இப்படி ஒரு வீட்டுக்குத்தான். முன்புறம் இரண்டு ரம்புத்தான் மரம், செங்கால் என்ற கெட்டி மரத்தில் தூண், அவ்வளவு அழகான வீடு. மூன்று வாரம் கழித்து சாரியான் எடுத்தபோது நிலம் வேறொரு குடும்பத்தின் பேரில் இருந்தது. முன்பணம் திரும்பி வரவில்லை. என் மனைவி அந்த ரசீதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, டிஓஎல் நிலம். அது அரசு நிலத்தில் தற்காலிகமாக இருப்பதற்கான உரிமம். ஆண்டு முடிந்தால் அதுவும் முடியும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. "முப்பது வருடமாக இருக்கிறோம், ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முப்பது வருடம் உங்களுக்குக் கைமாறாது.

மூன்றாவது, பங்கு நிலம். ஒரே கெரானில் நாலு பேர் பெயர் இருக்கும், அதில் ஒருவர் தன் பங்கை விற்பார். விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டேருக்குக் கீழே துண்டு போட நிலச் சட்டம் இடம் தராது. 0.4 ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட 1 ஏக்கர், நம் கணக்கில் 1.4 ரெலோங். ஆகவே பெரிய நிலத்திலிருந்து ஒரு ரெலோங் தருகிறேன் என்றால், உங்களுக்குத் தனிக் கெரான் வரப்போவதில்லை. மற்ற பங்காளிகளோடு காலமெல்லாம் ஒரே காகிதத்தில்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் சரி, முன்பின் தெரியாதவர்களோடு வேண்டாம்.

விலை குறைவு என்று எல்லை தாண்டி கெடாவின் கூலிம் பக்கம் போகிறவர்கள், அந்த நிலம் மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். அப்படியானால் நம் பேருக்கு மாற்ற முடியாது. பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் பார்ப்பவர்களுக்கு வேறு கேள்வி: 250 அடி உயரத்துக்கு மேலே, அல்லது 25 பாகைக்கு மேல் சரிவு இருந்தால் பினாங்கில் அது மலை நிலக் கணக்கில் வரும். அங்கே அனுமதி இல்லாமல் மண்ணை வெட்டிச் சமப்படுத்தக் கூடாது.

பாதையையும் காகிதத்தில் பாருங்கள். நீங்கள் காரில் போன மண்சாலை வரைபடத்தில் சாலையாக இருக்கிறதா, இல்லை பக்கத்து நிலக்காரர் நல்ல மனதோடு விட்ட வழியா? அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் நிலத்தை நாளைக்கு வாங்குபவர் யாரோ.

வழக்கறிஞரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரின் வழக்கறிஞரே இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்வார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

படி 3: மழையில் போய்ப் பாருங்கள்

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் நிலம் காய்ந்து கிடக்கும். செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். நிலம் விற்பவர்கள் காய்ந்த மாதத்தில்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் கனமழை பெய்த மறுநாள் காலையில், சொல்லாமல் இன்னொரு தடவை போங்கள். முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிலத்தின் நான்கு மூலைக்கும் நடங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, அடுத்த நிலத்துத் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் வருகிறதா?

எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தவர் எதிர்ப்பக்கம் இருக்கும் மலாய்ப் பெரியவர். வீட்டைப் பார்க்க வந்த நாளில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் கையைப் பிடித்து வீட்டின் பின்தூணுக்குக் கூட்டிப்போனார். தூணில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், காப்பித் தண்ணீர் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதில் விரலை வைத்து, "பாஞ்சிர் சம்பாய் சினி" (வெள்ளம் இதுவரை) என்றார். 2017 நவம்பரில் பினாங்கே மூழ்கியதே, அந்த வெள்ளத்தின் கோடு. வீடு மூன்றடித் தூண்மேல் நின்றதால் உள்ளே தண்ணீர் போகவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். வெள்ளம் எதுவரை வரும் என்று தெரிந்த வீடு, தெரியாத வீட்டை விட மேல். நீங்களும் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், தூணையும் சுவரையும் குனிந்து பாருங்கள்.

கிணறு இருந்தால் மூன்று விஷயம். கழிவறைத் தொட்டியிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பிப்ரவரியில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்று விசாரிக்க வேண்டும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து போகாது. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்தான். கிணறு செடிக்கும் கழுவுவதற்கும்.

மழைத்தண்ணீரை விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. இரண்டு பெரிய தொட்டி வைத்தால் ஜனவரியில் கன்றுகளைக் காப்பாற்றலாம். தொட்டி வாயைக் கொசுவலைக் கம்பியால் இறுக்கி மூட வேண்டும், இல்லையென்றால் ஏடிஸ் கொசு வளர்க்கும் பண்ணையாகிவிடும்.

படி 4: வீட்டைச் சோதிப்பது

ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், ஏணி. இவ்வளவு போதும்.

ஒவ்வொரு தூணின் அடியிலும் ஸ்க்ரூ டிரைவரைக் குத்துங்கள். செங்கால் மரமாக இருந்தால் முனை வழுக்கும். எங்கள் வீட்டில் பதினொரு தூண் அப்படித்தான் இருந்தன. சமையலறை மூலையில் இருந்த பன்னிரண்டாவது தூணில் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வெளியே சாயம் பளபளவென்று இருந்தது, உள்ளே கறையான் தின்று வெறும் கூடு. அந்த ஒரு தூணைக் காட்டியே விலையில் கொஞ்சம் குறைத்தோம். தூணில், சுவரில், படிக்கட்டின் அடியில் மண்குழாய் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கறையான் ஏறும் வழி அதுதான்.

கூரை தகரமாக இருந்தால் பட்டப்பகலில் உள்ளே நின்று கதவு ஜன்னலை மூடுங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் ஓட்டை. சாம்பல் நிறத்தில் அலை அலையாக, தகரம் மாதிரிச் சத்தம் போடாத பழைய தகடாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தெரிந்தவர்களை வைத்து முழுத் தகடாகக் கழற்ற வேண்டும்.

மின்சாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய கம்பத்து வீடுகளில் துணி சுற்றிய வயரையும் பீங்கான் பியூஸையும் இன்னும் பார்க்கலாம். பதிவு பெற்ற வயர்மேனை வைத்து முழுவதையும் மாற்றி, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். கையில் பிடிக்கும் கருவிகளுக்கும் பிளக்குகளுக்கும் 30 மில்லிஆம்பியர், வெந்நீர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஈரத்தரையில், வெறுங்காலில் தண்ணீர் மோட்டார் போடுகிற வாழ்க்கை இது.

வீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் உண்டா என்று மாநகராண்மையில் கேளுங்கள். இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம், பெரிதாக இடித்துக் கட்டவும் அனுமதி வாங்க வேண்டிவரும்.

கடைசியாக, கொட்டகை. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எங்கள் கொட்டகை மூலையில் பழைய எண்ணெய் டின்களுக்குப் பின்னால் லேபிள் போன ஒரு பிளாஸ்டிக் கலன், உள்ளே நீலப் பச்சையாகத் தண்ணீர். என் அம்மா தோட்டத்தில் பதினாறு வருடம் மருந்தடி வேலை பார்த்தவர். மூடியைத் திறக்கவே விடவில்லை, நிறத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "பாராகுவாட். பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லு." அந்தக் களைக்கொல்லியை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய கொட்டகைகளில் மிச்சம் கிடக்கிறது. ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும், முறிமருந்து இல்லை. வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். தனியாக எடுத்து வைத்து, விவசாய இலாகாவில் சொல்லி அவர்கள் காட்டும் வழியில் ஒப்படையுங்கள்.

படி 5: முதல் ஆண்டு

குடிபோன முதல் ஆண்டில் பெரிதாக எதையும் நடாதீர்கள். நிலத்தை ஒரு தாளில் வரைந்து, மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். காலை வெயில் எங்கே, மாலை நிழல் எங்கே என்று பாருங்கள். வேலியும் வடிகாலும் போடுங்கள். வெட்டிய புதரை எரிக்காதீர்கள், 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். குவித்து வைத்தால் எட்டு மாதத்தில் உரம்.

இந்த ஆண்டில் பழக வேண்டிய இன்னொன்று பூட்ஸும் கையுறையும். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி வாழ்கிறது. காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். யாரை வேண்டுமானாலும் தாக்கும், ஆனால் இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பவர்களைத்தான் மோசமாகப் பிடிக்கும். நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எது? எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் இதே வழிதான். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் "நான் மண்ணில் வேலை செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் சோதனையே மாறும். குடிபோகும் முன் குடும்பத்தில் எல்லாரும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு வரும். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைக் குட்டையாக வையுங்கள், பலகைக் குவியலைத் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் வந்தால் அடிக்கப் போகாதீர்கள், 999ஐக் கூப்பிட்டால் தீயணைப்புப் படையான பொம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துப் போவார்கள்.

படி 6: மண்

நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு. பிஎச் 5க்குக் கீழே இருப்பது சகஜம். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, விவசாய இலாகாவிடம் சோதனைக்கு எப்படி அனுப்புவது என்று கேளுங்கள். புளிப்பு என்று வந்தால் உரக்கடையில் 'ஜிஎம்எல்' என்று கேளுங்கள், மக்னீசியம் சேர்ந்த சுண்ணாம்புத் தூள். நடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பே தூவிக் கிளறி விடுங்கள். கோழி எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடாதீர்கள், எருவின் சத்து காற்றோடு போய்விடும்.

கடலோரத் தாழ்நிலமாக இருந்தால் ஒரு சோதனை கூட. மூன்றடி தோண்டுங்கள். அழுகிய முட்டை வாடை அடித்து, மண் காய்ந்த பிறகு வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது கடும் புளிப்பு மண். அதை ஆழமாக வெட்டிக் காயப் போட்டால் இன்னும் மோசமாகும்.

படி 7: மரம்

இங்கேதான் நான் பெரிதாகத் தவறினேன். டுரியான் ஆசை. நிபோங் தெபால் பக்கம் பிறந்த டி200, எல்லாரும் பிளாக் தோர்ன் என்கிறார்களே, அதை அந்த மண்ணிலேயே வைக்கப் போகிறோம் என்ற பெருமை. குடிவந்து மூன்றாவது மாதம், நிலத்தின் பின்பாதியில் பன்னிரண்டு ஒட்டுக்கன்று வைத்தேன். அது மார்ச் மாதம், மண் பொலபொலவென்று இருந்தது. அக்டோபரில் அதே இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது. அடுத்த ஆண்டு ஒவ்வொன்றாகத் தண்டின் அடியில் பட்டை கறுத்துப் பிசின் வடிய ஆரம்பித்தது. ஃபைட்டோஃப்தோரா என்ற அழுகல் நோய், ஈரம்தான் அதற்கு வீடு. ஒன்பது மரம் போயிற்று. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் ஆழாக்குத் தண்ணீர் அளந்து ஊற்றி வளர்த்தவை. வேரோடு பிடுங்கிய அன்று அவர் வெளியே வரவில்லை.

அதனால் டுரியானுக்கு இப்படிச் செய்யுங்கள். மழைக்காலத்தில் இரண்டடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் அந்த இடம் வேண்டாம். மற்ற இடத்திலும் ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். மரத்துக்கு மரம் 10 மீட்டர் விடுங்கள். ஒரு ரெலோங் முழுவதும் டுரியானே வைத்தாலும் 28 மரத்துக்கு மேல் பிடிக்காது; வீடு, கொட்டகை, வழி எல்லாம் போனால் பத்துப் பன்னிரண்டு. ஒரே ரகத்தை வைக்காதீர்கள். பல ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, பக்கத்தில் வேறு ரகம் வேண்டும். பூ மாலையில் விரியும், இரவில் வௌவால்தான் மகரந்தம் சேர்க்கும். வௌவாலை விரட்டாதீர்கள். ஒட்டுக்கன்று காய்க்க ஐந்து ஆறு ஆண்டாவது ஆகும்.

பினாங்கில் இருந்துகொண்டு ஜாதிக்காய் வைக்காமல் இருப்பார்களா? அதில் ஆண்மரம், பெண்மரம் என்று தனித்தனி. விதையிலிருந்து வளர்த்தால் பூக்கும்வரை எது என்று தெரியாது, அதற்கு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். பெண்மரத்திலிருந்து ஒட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

தென்னையில் குட்டை ரகம் மூன்று நாலு ஆண்டில் பாளை விடும். பழைய செம்பனைத் தண்டு நிலத்தில் மக்கிக் கிடந்தால் முதலில் துண்டு துண்டாக்கி அப்புறப்படுத்துங்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிட்டு, தென்னங்குருத்தைத் தின்ன வரும். தாழ்ந்த பகுதியை நாங்கள் இப்போது வாழைக்கும் சேம்புக்கும் விட்டுவிட்டோம். வாழையை மேட்டில் வைக்கிறோம், சேம்பு ஈரத்திலேயே நிற்கும்.

எந்தக் கன்றையும் மழை தொடங்கும்போது நடுங்கள். ஏப்ரல், அல்லது ஆகஸ்ட் கடைசி. டிசம்பரில் நட்டால் ஜனவரி முழுக்க வாளி தூக்க வேண்டும்.

படி 8: சமையல் தோட்டம்

இதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், குடிபோன மாதமே தொடங்கலாம். அடுப்படி வாசலிலிருந்து இருபது அடிக்குள் வையுங்கள். தூரமாக வைத்த பாத்தியை யாரும் கவனிப்பதில்லை. வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாகல், புடல், பச்சை மிளகாய், கீரை. ஓரத்தில் முருங்கைக் கிளை, கறிவேப்பிலை, பாண்டான் (ரம்பை), செரை (எலுமிச்சைப்புல்). முருங்கை வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. வெண்டைக்கும் பயற்றுக்கும் ஒன்றரை மாதத்தில் காய் பார்த்துவிடலாம், அந்தச் சந்தோஷம் மற்ற வேலைகளுக்குத் தெம்பு கொடுக்கும்.

குரங்கு வரும் பக்கமாக இருந்தால் மக்காச்சோளமும் பப்பாளியும் வீட்டை ஒட்டியே இருக்கட்டும். காட்டு விலங்குகளுக்குப் பொறி வைக்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தொல்லை அதிகமானால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.

படி 9: கோழி

ஒரு சேவல், எட்டுப் பத்துப் பெட்டை. இதற்கு மேல் வேண்டாம், முதல் ஆண்டில் கோழியே வேண்டாம். எத்தனை வளர்க்கலாம், உரிமம் தேவையா என்று மாநகராண்மையிலும் கால்நடை இலாகாவிலும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு கோழி நாளைக்கு 110, 120 கிராம் தீவனம் தின்னும். பத்துக் கோழிக்கு மாதம் 35 கிலோ போல வரும். மேயவிட்டால் கொஞ்சம் குறையும்.

கூண்டைத் தரையிலிருந்து மூன்றடி தூக்கிக் கட்டுங்கள். கம்பி வலை அரை அங்குலக் கண்ணாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், மலைப்பாம்பை வெளியே வைக்காது. நாங்கள் அதைத்தான் முதலில் போட்டோம். ஒரு நாள் காலை ஆறரை மணி, வழக்கமாகக் கேட்கும் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் மூலையில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது, வயிறு உப்பி, வந்த ஓட்டை வழியாகவே திரும்பிப் போக முடியாமல். மூன்று கோழி குறைந்திருந்தது. மற்றவை எல்லாம் எதிர்மூலைக் கட்டையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கழுத்தைக்கூடத் திருப்பாமல் நின்றன. அன்றைக்கே பற்றவைத்த கனமான வலை வாங்கி வந்தோம்.

குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைத் தவற விடாதீர்கள். மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். வந்தால் இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாகும். வெளியிலிருந்து வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியாக வைத்திருந்து பிறகு சேருங்கள். நாட்டுக்கோழி முட்டையிட ஐந்து ஆறு மாதம் ஆகும்.

படி 10: ஆடு

மரம் நிமிர்ந்து, வேலி இறுகி, கோழி ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பிறகு ஆடு வாங்குங்கள். எங்களுக்கு நாலாவது ஆண்டுதான் கைகூடியது. ஒற்றை ஆடு வாங்காதீர்கள், அது கத்திக் கத்தியே மெலியும். இரண்டு பெட்டையாக வாங்குங்கள். கொட்டகையைத் தூண்மேல் கட்டி, தரைச் சட்டங்களுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி விடுங்கள். சாணமும் சிறுநீரும் கீழே விழும், குளம்பு காய்ந்திருக்கும், கீழே விழுந்தது வாழைக்குப் போகும்.

பனி காய்வதற்கு முன் வெட்டிய புல்லைப் போடாதீர்கள். வயிறு உப்பும், குடற்புழுவும் ஏறும். மரவள்ளி இலையை ஒரு நாள் வாட வைத்த பிறகே கொஞ்சமாகக் கொடுங்கள், பச்சையாக இருந்தால் விஷம். டுரியான் கன்றுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வேலி இரண்டு அடுக்காக இருக்கட்டும்.

நாய் வளர்த்தால் உங்கள் வேலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே தொழுகைக்குப் போகிறவர்களின் பாதையில் அது ஓடக் கூடாது. முதல் குலை வாழையை அறுத்தபோது ஒரு சீப்பை எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுவாரம் அவர் எங்கள் வடிகாலை அவருடைய வடிகாலோடு சேர்க்க மண்வெட்டியோடு வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் வெட்டி முடித்தோம். அந்த வாய்க்கால் வந்த பிறகு பின்பாதியில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை.

ஆடு சினையான நாளை நாட்காட்டியில் எழுதி வையுங்கள், அங்கிருந்து 150 நாள். எங்கள் கறுப்பிக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடிகிறது. மடி இறங்கிவிட்டது. கொட்டகை மூலையைக் கழுவிக் காயவிட்டு, காய்ந்த புல் விரித்து, தொப்புள்கொடிக்கு வைக்க அயோடினை எடுத்து மாடத்தில் வைத்திருக்கிறேன். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட வேண்டும்.